டன் கணக்கில் சம்பளம், தண்ணீர் குடிக்க நேரம் எங்கே?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் கெடாவில் பாடாங் செராய் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 51 வயது. செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் குத்தகைக்குப் பழம் வெட்டுகிறார், டன் கணக்கில்தான் சம்பளம். பழம் வெட்டி முடிந்ததும் மறுநடவு செய்த இடத்துக்குப் போய், மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுவார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அங்கேயே தலைசுற்றி விழுந்துவிட்டார். கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது, இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கூட வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள்தான் மோட்டாரில் உட்கார வைத்து அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டிரிப் ஏற்றி சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் எம்.சி. (நோய் விடுப்புச் சீட்டு) கொடுத்தார்கள். அதற்கு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். கேட்டால் "வெயிலில் வேலை செய்றவன் எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறார். பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. தோள்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். காலை ஆறரைக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுபோனால், ஒன்றரைக்கு வீட்டுக்கு வரும்போது பாதி மீதி இருக்கும். வேர்க்க வேர்க்கத் தண்ணீர் குடித்தால் நெஞ்சை அடைத்துவிடும் என்று என் மாமியார் சொல்வார். கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் உப்புத்தண்ணீர் குடி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்த என் மகனும் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அப்பாவோடு வேலைக்குப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் விழுந்ததைவிட, ஒரே நாள் எம்.சி. முடிந்து அதே இடத்துக்கு அதே வேலைக்குத் திரும்பினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வெயிலில் விழுந்த உடம்பு வெளியில் தேறியதுபோல இருக்கும். ஆனால் சூட்டைச் சமாளிக்கும் சக்தி சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கும், குறைந்தே கிடக்கும். முதல் தடவை ஒரு மணிக்கு விழுந்தவர் அடுத்த தடவை பதினொரு மணிக்கே விழலாம். அவருக்கு வந்தது வெப்பத் தளர்ச்சி. அதற்கு அடுத்த படி வெப்ப அதிர்ச்சி, 'ஹீட் ஸ்ட்ரோக்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உயிரை வாங்கக்கூடியது. அந்தப் படிக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

எனவே இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், அதோடு சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, இத்தனையும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். விழுந்த அன்று எடுத்திருந்தாலும் இப்போது இன்னொரு முறை எடுப்பது அவசியம். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை உறைகளையும், கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்தக் கடிதத்தின் மையமாகத் தெரிகிறது. நீர் பிரியும் மாத்திரை என்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைட். அது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றித்தான் பிரஷரைக் குறைக்கிறது. வேர்வையும் அதே இரண்டைத்தான் வெளியேற்றுகிறது. இரண்டாவது பிரஷர் மாத்திரையின் பெயர் 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடிகிறதா பாருங்கள். பெரின்டோபிரில், லோசார்ட்டன் போன்றவை நல்ல மருந்துகள், நானும் தினமும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும் வேளையில் சிறுநீரகம் தன் வடிகட்டியில் அழுத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் அதைத் தளர்த்திவிடும். மூன்றாவதாக, கடையில் வாங்கும் வலி மாத்திரை. அது டிக்ளோஃபெனாக்கோ மெஃபெனாமிக் ஆசிடோ இபுப்ரோஃபெனோவாக இருந்தால், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தையும் குறைக்கும். மூன்றும் சேர்ந்து, வெயிலும் சேர்ந்து, குடிக்கும் தண்ணீரும் முக்கால் லிட்டராக இருந்தால், சிறுநீரகம் எந்தப் பக்கம் தாங்கும்?

வலி மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். தோள்வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும், தேய்க்கும் தைலம் தேய்க்கலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பிரஷர் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக் டாக்டரிடம் "இவர் வெயிலில் ஆறு ஏழு மணி நேரம் வேலை செய்கிறார், போன மாதம் விழுந்தார், நீர் மாத்திரைக்குப் பதில் வேறு கொடுக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்! வரிசையில் இருநூறு பேர் காத்திருக்கும்போது அவராகக் கேட்கமாட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீர்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் கீறிப் பால் எடுத்தவர்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே காட்டுக்குள் போய்விடுவார்கள். ஏன் இருட்டில் போக வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குப் புரியாது. ராத்திரி முழுக்க வேர் இழுத்த நீர் பட்டைக்குள் அழுத்தமாக நிற்பதால் விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியே விட ஆரம்பித்ததும் அழுத்தம் குறைந்து ஓட்டம் மட்டுப்படும். மரம் நிறுத்தச் சொன்னது, அப்பாவும் அம்மாவும் நிறுத்தினார்கள். மத்தியான வெயிலில் மரம் வெட்டு என்று யாரும் சொன்னதில்லை, சொன்னாலும் பால் வராது. தலைக்கு மேல் நிழலும் இருந்தது.

செம்பனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குலையை எந்த மணிக்கும் வெட்டலாம். வளர்ந்த பனைக்குக் கீழே நிழலாவது உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்களே, அந்த இடத்தில் முழங்கால் உயரக் கன்றைத் தவிர ஒதுங்க ஒன்றும் கிடையாது. தரையும் சூட்டைத் திருப்பி அடிக்கும். உங்கள் வீட்டுக்காரர் காலையெல்லாம் 15, 20 கிலோ குலைகளை இறக்கிச் சுமந்துவிட்டு, உடம்பு ஏற்கெனவே சூடேறிய நிலையில், நாளின் மோசமான நேரத்தில், நிழலே இல்லாத இடத்துக்கு மிஷினோடு போகிறார். நிறுத்தச் சொல்ல மரமும் இல்லை, மனிதரும் இல்லை.

தசை வேலை செய்யும்போது அது எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வேர்வை. ஆனால் வேர்வை தோலில் இருந்து காய்ந்து போனால்தான் குளிர்ச்சி. சொட்டிக் கீழே விழுந்தால் நீர் வீணானதுதான் மிச்சம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் காய்வது குறைவு, சொட்டுவது அதிகம். முழுக்கைச் சட்டை, பூட்ஸ், முகமூடி போட்டால் இன்னும் குறைவு. அதனால்தான் வானிலைச் செய்தியில் 33 டிகிரி என்று சொன்ன நாளிலும் ஆட்கள் விழுகிறார்கள். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் மலேசியாவின் உச்சம். அப்படி ஒரு நாள் வந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அந்த எண் நிழலில் வைத்த கருவியில் அளப்பது. அவர் நிற்பது வெயிலில்.

இந்த மாதிரி வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போவது சாதாரணம். ஆறரையிலிருந்து ஒன்றரை வரை ஏழு மணி நேரம். நடுவில் பசியாற உட்காரும் நேரத்தைக் கழித்தாலும் ஐந்து லிட்டர் போயிருக்கும். உள்ளே போனது முக்கால் லிட்டர். நான்கு லிட்டர் கடனோடு அவர் வீட்டுக்கு வருகிறார். ஒரே மடக்கில் ஒரு ஜக் குடித்தாலும் அந்தக் கடன் அன்றைக்கு அடைபடாது.

அளவு கேட்டீர்கள். வெயிலில் வேலை செய்யும் நேரம் முழுக்க 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது சுமார் 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டர் ஆகிறது. ஒன்றரை லிட்டர் பாட்டில் மூன்று தேவைப்படும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு குவளை குடித்துவிட்டுப் போகட்டும். தாகம் எடுத்தபிறகு குடிக்கலாம் என்று இருந்தால் உடம்பு ஏற்கெனவே பின்தங்கியிருக்கும். இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அவருக்குப் போதுமா என்று அறிய எளிய வழி தராசு. காலையில் கிளம்பும் முன்னும், வந்து வேர்வையைத் துடைத்தபின்னும் ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். 70 கிலோ ஆள் ஒன்றரை கிலோ குறைந்து வந்தால் அன்று அவர் போதிய அளவு குடிக்கவில்லை. எடை கூடி வந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார். மூன்று நாள் நிறுத்தால் அவர் உடம்புக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும், என் கணக்குகூட வேண்டாம். சிறுநீரின் நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. தேத்தண்ணீர் நிறமோ கோலா நிறமோ வந்தால் அது நீர் குறைவு மட்டும் இல்லை, தசை உடைந்து அதன் சாயம் சிறுநீரகத்தில் இறங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே குளிம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். ஓடி வேர்த்து வந்து ஐஸ் தண்ணீரை மடக்கு மடக்கென்று ஊற்றிக்கொண்டால் வயிறு பிடிக்கும், சிலருக்கு வாந்தி வரும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வேர்க்கும்போது தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் நெஞ்சுக்குச் சுமை. நீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் சூடேறிய உடம்புக்கு நல்லதே. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். மாமியாரிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். "டாக்டர் உங்களைத் தப்பு என்று சொல்லவில்லை அத்தை, மெதுவாகக் குடிக்கச் சொல்கிறார்" என்றால் கேட்பார். தன் மகனிடம் அவரே சொன்னால் என் பதிலைவிட எடுபடும்.

உப்பு விஷயத்தில் கிளினிக் சொன்னதும் சரி, மண்டோர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு லிட்டர் வேர்வையோடு இரண்டு கிராம் அளவுக்கு உப்பு போகிறது. ஆளுக்கு ஆள் கூடும், குறையும், வெயிலுக்குப் பழகியவருக்குக் குறைவாகப் போகும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிரஷர்காரருக்குச் சொல்லும் அளவு, நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கீழே என்பது, ஐந்து லிட்டர் வேர்க்கும் ஆளுக்கு அப்படியே பொருந்தாது. அதற்காக உப்பு மாத்திரை வேண்டாம், உப்பைக் கரைத்துக் குடிக்கவும் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருந்தாலே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். இவர் காலையில் வெறும் தேத்தண்ணீரோடு போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அதை முதலில் மாற்றுங்கள். எங்கள் அம்மா தூக்குச்சட்டியில் பழைய சோற்றுக் கஞ்சி கொண்டுபோவார், ஒரு கல் உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் இருந்தன. பேதிக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலும் ஏறத்தாழ இதே கூட்டுத்தான். ஒன்பது மணிக்கு அப்படி ஒரு கஞ்சியோ, நீர் மோரோ, சோறும் ரசமுமோ வயிற்றில் விழட்டும். பேக்கெட்டில் வரும் மீகோரிங் உப்பு அதிகம், நீர் இல்லை. கருவாடு, ஊறுகாய், மேகியை வீட்டில் குறைத்தபடியே இருங்கள். அவருக்கென்று எவ்வளவு உப்பு என்பதை ரத்தத்தில் சோடியம் எண் வந்ததும் கிளினிக் டாக்டர் சொல்வார்.

ஐசோடோனிக் பானம் நாளைக்கு ஒரு டின், அதுவும் வேலை நேரத்தில் என்றால் சரி. தண்ணீருக்குப் பதிலாக அதையே குடித்தால் சர்க்கரை ஏறும். இந்த நாட்டில் நீரிழிவு நம் மக்களிடம்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூடுதல். 'பிரில்' மருந்து சாப்பிடுபவர் கிரியேட்டினின் முடிவு வரும்வரை தினமும் குடிக்க வேண்டாம். தேத்தண்ணீர் கணக்கில் சேரும். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். ராத்திரி பீரோ சம்சுச் சாராயமோ குடித்தால் காலையிலேயே அவர் கடனோடுதான் கிளம்புகிறார்.

கெத்தும் தண்ணீர் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் வடக்கில் வேலை செய்யும் டாக்டர் இதைக் கேட்காமல் விடக் கூடாது. கெடா, பெர்லிஸ், பினாங்கில் வெயிலில் பாடுபடுகிறவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்கக் கெத்தும் இலையை அவித்துக் குடிப்பது பழைய பழக்கம். களைப்பு தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. நிறுத்து என்று உடம்பு சொல்வதை அது காதில் விழாமல் செய்துவிடும். நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்டதும்கூட. அவர் குடிக்கிறாரா என்று சண்டை போடாமல் கேளுங்கள். குடிக்கிறார் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், தண்ணீர் மட்டும் அவரைக் காப்பாற்றாது. ஐந்து லிட்டர் குடித்துக்கொண்டே நிற்காமல் வேலை செய்கிறவரும் விழுவார், ஏனென்றால் தசை சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அவர் நிற்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், நிழலில், தொப்பியையும் கையுறையையும் கழற்றி, கழுத்தையும் முன்கையையும் நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டன் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் காசு போகிறது என்று மனம் கணக்குப் போடும். அதனால்தான் தலை லேசாகச் சுற்றினாலும் "இந்த வரிசையை முடிச்சிட்டுப் போறேன்" என்கிறார்கள். என்னிடம் தூக்கி வரப்பட்ட எத்தனையோ பேர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான் என்று கூட வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சோம்பேறி யாரும் வெயிலில் விழுந்து நான் பார்த்ததில்லை.

மத்திய அமெரிக்காவில், நிக்காரகுவாவிலும் எல் சால்வடோரிலும், கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதை டாக்டர்கள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, முப்பது நாற்பது வயதிலேயே டயாலிசிஸ். நாள்தோறும் வெயிலில் நீர் வற்ற வற்றக் கடுமையாக உழைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அவர்களுக்கும் வெட்டிய எடைக்குத்தான் கூலி. எல் சால்வடோரில் ஒரு கரும்புத் தோட்டத்தில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய கூடாரம், குறித்த நேரத்தில் கட்டாய ஓய்வு. ஆட்கள் வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடியது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்து எழுந்த கை பன்னிரண்டு மணிக்கும் வேகம் குறையாமல் வெட்டும்.

வேலையை மாற்றிப் போடவும் பார்க்கலாம். லாரி வரும் நேரத்துக்குப் பழம் ரோட்டோரம் கிடக்க வேண்டும் என்பதால் வெட்டு முதலில், புல் பிறகு என்று வைத்திருக்கிறார், புரிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யாமல், வெட்டு இல்லாத நாளில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் நேராக மறுநடவு இடத்துக்குப் போய், பத்து மணிக்குள் புல் வேலையை முடித்துவிடலாம். பதினொரு மணிக்கு மேல் அங்கே வேண்டவே வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். அன்றைக்கு அந்தப் பையன்கள் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருப்பீர்கள்.

இனி, அந்தப் பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று. வேர்வை நின்றால்தான் வெப்ப அதிர்ச்சி என்று பலர் நம்புகிறார்கள். உழைக்கும்போது வரும் வெப்ப அதிர்ச்சியில் தோல் நனைந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது பேச்சையும் நடையையும். கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாத பதில், காரணமில்லாத கோபம், குடித்தவர்போலத் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம், இதில் எது வந்தாலும் மூளை சூடாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்போது மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது. ஒருவர் 999க்கு அழைக்கட்டும், மற்றவர்கள் அங்கேயே குளிர வைக்கட்டும். நிழலுக்கு இழுத்து, சட்டையையும் பூட்ஸையும் கழற்றி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, ஓலையால் விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். கன்வாஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஆளை அதில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தொட்டி மாதிரி ஆக்கித் தண்ணீரும் ஐஸும் ஊற்றி அசைக்கலாம். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பனடோல் (பாராசிட்டமால்) இந்தச் சூட்டைக் குறைக்காது. மருந்து கலக்கிய டிரம் தண்ணீரையும் ஊற்றிவிடக் கூடாது. மருந்தடிக்கும் ஆள் விழுந்து, வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் அது பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். ஆம்புலன்ஸ்காரரிடம் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். இளம் ரத்தம், பந்து விளையாடுகிற பையன், அப்பாவைவிடத் தாங்குவான் என்று வீட்டில் நினைப்பீர்கள். வெயில் வேலையில் சாகிறவர்களில் பெரும்பங்கு வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஏழிலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில்தான் சீக்கிரம் வேர்க்கவும், வேர்வையில் உப்பைக் குறைத்து விடவும் உடம்பு கற்றுக்கொள்கிறது. எனவே முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொச்சம். இரண்டாம் நாள் ஐந்தில் இரண்டு. இப்படி ஏறி, வெள்ளிக்கிழமைதான் முழு நாள். மீதி நேரம் நிழலில் உதிரிப்பழம் பொறுக்கட்டும், அல்லது வீட்டுக்கு வரட்டும். அப்பா முன்னால் சளைத்துவிட்டோம் என்று காட்டப் பிடிக்காத வயது அது, அதனால் நிறுத்தும் நேரத்தை அவனிடம் விடாமல் அப்பாவே சொல்ல வேண்டும்.

இதே விதி உங்கள் வீட்டுக்காரருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எம்.சி. நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத சம்பளமோ டன் கணக்கோ, தோட்டத்தின் கீழ் வேலை செய்கிறார் என்றால் தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு 14இலிருந்து 22 நாள் வரை, வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து, சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. திரும்பும்போது முதல் நாள் பாதி வேலை, மறுநாள் அதற்குக் கொஞ்சம் மேல், மூன்றாம் நாள் முக்காலுக்குச் சற்று மேல், நான்காம் நாள் முழுசு. தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாலும், காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தாலும் இதே கணக்குத்தான். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து உடம்பு இளைத்திருக்கும், அது முடிந்ததுமே நம் பக்கத்தில் வெயில் ஏறும். அந்த வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கூட வேலை செய்யும் பையன்கள் நோன்பு பிடிப்பவர்கள் என்றால், இந்த ஆண்டுகளில் நோன்பு மாதம் அதே பிப்ரவரி, மார்ச்சை ஒட்டித்தான் வருகிறது. அவர்களுக்குப் பகலில் தண்ணீர் கிடையாது. காலை பத்து மணியோடு வேலை முடிவதைத் தவிர எனக்கு வேறு பாதுகாப்பான வழி தெரியவில்லை. மண்டோரிடம் அதையும் பேசச் சொல்லுங்கள்.

மண்டோர் உப்புத்தண்ணீர் குடிக்கச் சொன்னார் என்றால் அக்கறை உள்ளவர்தான். அவரிடம் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள், முடிந்தால் வேலை செய்யும் மற்றவர்களும் சேர்ந்து. குளிர்ந்த குடிநீர் வேலை இடத்துக்கே வர வேண்டும், மறுநடவு இடத்தில் ஒரு கன்வாஸ் கூரை வேண்டும், ஓய்வு நேரம் குறிக்கப்பட வேண்டும். இது சலுகை கேட்பது ஆகாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையாக வைத்திருப்பதன் ஒரு பகுதி. அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் துறை 2016இல் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் இடத்திலிருந்து தொழிலாளி விலகி நிற்கலாம். ஆனால் சட்டப் பிரிவை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டாம். "ஒருத்தர் விழுந்துட்டாரு, அடுத்து யாரும் விழக்கூடாது" என்று தொடங்கினால் போதும். அவர் விழுந்தது தோட்டத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கிளினிக் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவில் அவர் பெயர் இருக்கிறதா, குத்தகைக்காரர் கட்டுகிறாரா என்று பாருங்கள். யாருமே கட்டவில்லை என்றால் சுயதொழில் செய்பவருக்கான சொக்சோ திட்டத்தில் விவசாய வேலையும் சேரும்.

வேலையை விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கிரியேட்டினின் சரியாக இருந்து, நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் மாறி, பதினொரு மணிக்கு மேல் திறந்தவெளிக்குப் போகாமல் இருந்தால் அவர் இன்னும் பல வருடம் பழம் வெட்டலாம். கிரியேட்டினின் ஏறியிருந்தாலோ, இன்னொரு முறை விழுந்தாலோ, புல்வெட்டும் வேலையை அன்றோடு விட வேண்டும், பழம் வெட்டுவதைப் பற்றிச் சிறுநீரக டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்று எண்களையும், மாத்திரைகளின் பெயர்களையும், மூன்று நாள் காலை மாலை எடையையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மகனின் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.